பத்துக்குப் பத்து

கயிறு கட்டி முடித்தபோது
காலை எட்டே முக்கால்.
நான்கு மூலைக்கும் முளைக்குச்சி.
நாகலூருக்கு மேலே, இரண்டாம் வளைவு தாண்டி,
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சேர்வராயன்
இன்றைக்கு என் பொறுப்பு.

படிவத்தின் முதல் கேள்வி: எத்தனை இனம்?
எண்ணத் தொடங்குமுன்பே முடிந்துவிட்டது.
உண்ணி. உண்ணி. உண்ணி.
நடுவில் ஒரே ஒரு கடுக்காய் மரம்,
கழுத்துவரை போர்வை இழுத்துவிட்ட நோயாளியாக.
வருஷா வருஷம் காய்க்கிறது.
காலடியில் பிள்ளை ஒன்றுகூட இல்லை.
விழுகிற கொட்டை எதற்கும்
வெயில் போய்ச் சேரவில்லை.

கூலிக்கு ஐந்து பேர்.
வெள்ளாச்சி அரிவாளைத் தொடவே இல்லை.
"வெட்டுனா ஒண்ணு நாலாகும்.
வேர்க்கழுத்துல கடப்பாரையைக் குடுத்து நெம்பு.
தலைகீழாக் கவுத்துப் போடு.
மண்ணு மறந்தாத்தான் சாகும்."

போன பங்குனியில் புல் தீர்ந்து
அவளுடைய கிடா இதைத் தின்றது.
காதுத் தோல் உரிந்தது.
வெயிலைக் கண்டால் கத்தியது.
இருட்டுக்குள் கட்டிவைத்தும் நாலாம் நாள் போயிற்று.
அவள் நெம்புவதில்
கூலிக்கு மேலே கொஞ்சம் இருந்தது.

உண்ணி என்று பெயர் வைத்தவர்
மாட்டின் மடியில் ஒட்டுவதை நினைத்திருக்கலாம்.
ஆடு உண்ணாது, மாடு உண்ணாது,
காட்டெருமையும் முகர்ந்துவிட்டு
காப்பித் தோட்டத்துக்கு இறங்கிவிடும்.
உண்பது அதுதான்.
மலையை.

பத்தரைக்குத் தூக்குவாளி வந்தது.
சீரங்கன் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்:
"காப்பியும் கடல் தாண்டி வந்ததுதானே?
அந்த சில்வர் ஓக்கு?
அதையெல்லாம் எந்தக் கட்டத்துல எழுதுவ?"
"அது வேலிக்குள்ளேயே நிற்கிறதே" என்றேன்.
"வேலி போட்டவன் அப்படித்தான் சொல்லுவான்."
ஊதி ஊதிக் குடித்தார்.
அவர் பார்வை போன சரிவில்
தோட்டத்துக் கம்பிவேலி
எங்கள் கயிற்றைவிட நேராக ஓடியது.

பிற்பகல், கிழக்கு மூலை.
வெள்ளாச்சியின் கடப்பாரை பாதியில் நின்றது.
புதருக்குள் சின்னான் கூடு.
மூன்று முட்டை, செம்புள்ளி தெளித்தவை.
தாய் எதிர்க்கிளையில் உட்கார்ந்து
எங்களை ஏசிக்கொண்டிருந்தது.
இந்தப் பழத்தைத் தின்று இதன் விதையை
மலை முழுக்க எச்சமிட்டு நட்டவளும் அவளே.
ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்,
படிவம் என் கையில் இருந்ததால்.

எழுதினேன்:
ஒரு புதர் நீக்கப்படவில்லை. காரணம்,
அதற்குமேல் பேனா ஓடவில்லை.
சேலம் அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.
மலையில் சிக்னல் இல்லை என்று
கீழே இறங்கியபின் சொன்னேன்.

ஐப்பசியில் மறுபடி ஏறினேன்.
கயிறு மக்கியிருந்தது, முளைக்குச்சிகள் இருந்தன.
திறந்துவிட்ட வெளிச்சத்தில்
முதலில் வந்து உட்கார்ந்தது பார்த்தீனியம்,
எங்கள் ஜீப்பின் டயரில் ஏறி வந்தது.
வெளிச்சம் யாரையும்
பெயர் கேட்டு உள்ளே விடுவதில்லை.
கவிழ்த்த வேர்களில் இரண்டு மட்டும்
எப்படியோ மண்ணைக் கண்டுபிடித்துத் துளிர்த்திருந்தன.
கூடு காலி. அடியில் காய்ந்த எச்சம்,
எச்சத்தில் கறுப்பாக விதை.
வெள்ளாச்சி ஒன்றும் பேசாமல்
அந்தக் கடைசிப் புதரையும் நெம்பிக் கவிழ்த்தாள்.
கூடு மட்டும் அவள் மடியில் போயிற்று.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

எத்தனை இனம்?
இந்தமுறை மண்டியிட்டு எண்ண வேண்டியிருந்தது.
உண்ணி, பார்த்தீனியம், கடுக்காய்த் தாய்மரம்,
ஈச்சம்புல் ஒரு கற்றை.
அப்புறம் மூன்று,
இரண்டிரண்டு இலையோடு, நகத்தளவு.
புத்தகத்தில் தேடினேன்.
சீரங்கன் கிள்ளி முகர்ந்து உதட்டைப் பிதுக்கினார்.
வந்தவையா, இருந்தவையா,
இலை இன்னும் சொல்லவில்லை.

முளை ஒன்று. முளை இரண்டு. முளை மூன்று
என்று எழுதிக்கொண்டு
மழைக்குமுன் இறங்கினோம்.